1947இன் இரும்பும் இன்றைய பெட்ரோலும்

1947ஆம் ஆண்டு கோடையில் செவர்லே நிறுவனம் வெளியிட்ட ‘அட்வான்ஸ் டிசைன்’ பிக்கப் வண்டியை அமெரிக்கச் சிற்றூர்களில் இன்றும் பார்க்கலாம். உருண்டு திரண்ட மட்கார்டுகள், முகப்பில் படுக்கைவாட்டில் ஐந்து பட்டைகள், பின்னால் மரப்பலகை பாவிய சுமைத்தொட்டி. வைக்கோல் கட்டும் தீவன மூட்டையும் ஏற்றுவதற்காகச் செய்த வண்டி அது. ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் ‘மாடல் டி’ காரின் பின்புறத்தில் ஒரு சிறு தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்ற நாளிலிருந்தே பிக்கப் என்பது உழவருக்கும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரிய கருவி. மண்வெட்டியைப் போல் தேயத் தேய உழைத்துவிட்டுக் கொல்லையில் ஒதுங்கவேண்டியது. அப்படி ஒதுங்கியவற்றைத்தான் இன்று எத்தனையோ பேர் தேடி வாங்கி, விடுமுறை நாள்களையெல்லாம் செலவிட்டு மீட்டெடுக்கிறார்கள். சேஸி தனி, கேபின் தனி, மட்கார்டு தனி, தொட்டி தனி என்று எல்லாமே போல்ட்டில் நிற்பதால், வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றிப் பூட்டலாம். இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு பரவியதற்கு அந்த எளிமை முக்கியமான காரணம்.

இவர்களில் பலர் பெருமையோடு சொல்லும் இலக்கு ஒன்று உண்டு: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவது. அந்த உழைப்பின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு இருக்கிறது. ஆனால் அந்த இலக்கு பிழையானது என்று நினைக்கிறேன். அன்றைய பெட்ரோலில் என்ன கலந்திருந்தது, எண்ணெயில் என்ன இருந்தது, சாலையில் எவ்வளவு வேகம் போகமுடிந்தது, பனிக்காலத்தில் தெருவில் என்ன கொட்டினார்கள் என்பவற்றையெல்லாம் கணக்கில் கொண்டே பொறியாளர்கள் அந்த இரும்பை வடிவமைத்தார்கள். இரும்பு இன்றும் அதே இரும்பு. அதற்குள் ஊற்றுவதும் அதன்மேல் தெறிப்பதும் ஒன்றுகூட அன்று இருந்தது போல் இல்லை. பழைய வண்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி முதுமையால் வருவதல்ல. இந்தப் பொருத்தம் குலைந்த இடங்களில் வருவது. அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்கு வேதியியலும் கொஞ்சம் இயற்பியலும் வேண்டும். பழைய விற்பனைக் கையேட்டைப் பார்த்து அதில் இருப்பதுபோல் வண்ணம் அடிப்பது அதற்கு உதவாது.

துருவை எடுத்துக்கொள்வோம். இரும்பின்மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்தால் எந்த இடம் முதலில் அரிக்கும்? காற்று நன்றாகப் படும் ஓரம்தான் என்று தோன்றும். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய சோதனையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. சொட்டின் நடுவில், ஆக்சிஜன் குறைவாகச் சென்று சேரும் இடத்தில்தான் இரும்பு கரைந்தது. துரு என்பது ஒரு சின்ன மின்கலம். ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது; அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே நகர்ந்து, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும் வேறோர் இடத்துக்குப் போய் அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிகின்றன. அதனால் காற்றுப் படாத இடம் கரையும் இடமாகிறது. பிக்கப் கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகளும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும், மட்கார்டின் உள்மடிப்பும் எப்போதும் முதலில் போவது இதனால்தான். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நடுவில் சேறு புகுந்து, ஈரம் காயாமல் தங்கும் இடங்கள் அவை. துருவின் பருமன் அது தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்குவரை இருக்கும். அதனால் அது தகடுகளை நெம்பிப் பிளந்து, இன்னும் கொஞ்சம் நீருக்கு வழிவிடுகிறது. வெளியே பெயின்ட் கொப்பளிப்பதை நாம் பார்க்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இது எந்தக் காலத்து இரும்புக்கும் பொதுதானே, காலம் மாறியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உப்பில் இருக்கிறது. பனி உறைந்த சாலையில் உப்பைத் தூவிப் பார்க்கும் முயற்சி அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938இல்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பெருகி, இப்போது அந்த நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உப்பு கொட்டப்படுகிறது. 1947இன் வடிவமைப்பாளர் மழையையும் சேற்றையும் எதிர்பார்த்தார். உப்புக்கரைசலில் ஊறிய பனிக்காலங்களை அவர் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. உப்பு நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டுகிறது. அதைவிட முக்கியம், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்கிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசிந்து நீராகும். தூத்துக்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ அடுக்களை உப்புச்சாடியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. சாலைகளில் இப்போது பயன்படும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். அதாவது வறண்டது என்று நாம் நினைக்கும் காற்றிலும் அந்த வண்டியின் அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும். மீட்பவர்கள் அரிசோனாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் போய்க் கேபின் தேடுவதற்குக் காரணம் இதுதான். அங்கே வெயில் பெயின்ட்டையும் ரப்பரையும் இருக்கையையும் தின்றிருக்கும். தகடு முழுதாக இருக்கும். ரப்பரையும் இருக்கையையும் கடையில் வாங்கிவிடலாம்.

துருவை நீக்கும் முறைகளில் ஒன்று தமிழர்களுக்குப் பழக்கமானது, வேறு பெயரில். டானிக் அமிலம் கலந்த கரைசலைத் துருவின்மேல் பூசினால் அது கருநீலமாக மாறி இறுகும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து மை காய்ச்சிய அதே வினை. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து, நீரில் எளிதில் கரையாத கரிய சேர்மமாகிறது. பாஸ்பாரிக் அமிலம் இதேபோல் இரும்புப் பாஸ்பேட் படலத்தை உண்டாக்கும். சலவைச் சோடாக் கரைசலில் பாகத்தை மூழ்கவைத்து, அதை எதிர்மின்முனையாக்கி நேர்மின்சாரம் செலுத்தும் முறையும் உண்டு. அங்கே உலோகத்தில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவை இளக்கித் தள்ளும். எதிரில் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நஞ்சான குரோமியம் கரைசலில் இறங்கும் என்பதால் சாதாரண இரும்பையே வைக்கவேண்டும். காற்றோட்டமும் வேண்டும், ஹைட்ரஜன் தீப்பற்றும். ஆனால் எந்த முறையானாலும் மேற்பரப்பைத்தான் அது குணப்படுத்தும். டிங்கரிங் பட்டறைகளில் துருவின்மேல் பட்டி வைத்துத் தேய்த்து மறைப்பது உண்டு. பட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் அந்த மறைப்பு ஓரிரு மழைக்காலம்தான் தாங்கும். தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைத்தபின், வடிகால் துளைகளை அடைப்பின்றி வைத்து, பெட்டி போன்ற உள்வெளிகளில் மெழுகைத் தெளித்தால் அது பல ஆண்டுகள் நிற்கும். தொழிற்சாலை அந்த மெழுகைத் தெளித்ததில்லை. அசலில் இல்லாததை ஏன் செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில், அசலில் இவ்வளவு உப்பும் இருக்கவில்லை என்பதே.

இனி எஞ்சின். இந்த வண்டிகளில் 1953 வரை வந்தது 3.5 லிட்டர் கொள்ளளவும் 90 குதிரைத்திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். இதன் உயவுமுறை நமக்கு இன்று வியப்பாக இருக்கும். கிராங்க் ஷாஃப்டின் முக்கியத் தாங்கிகளுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது. பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு சிறு அகப்பை இருக்கிறது. அது சுழலும்போது கீழே உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை மொண்டுகொள்கிறது. வேகம் கூடும்போது சிறு குழல்கள் அந்த அகப்பையை நோக்கி எண்ணெயைப் பீய்ச்சுகின்றன. தாங்கியின் உட்பரப்பு பாபிட் எனும் உலோகக் கலவை, ராடின் மேலேயே உருக்கி ஊற்றப்பட்டது. ஐசக் பாபிட் 1839இல் காப்புரிமை பெற்ற கலவை இது. மென்மையான வெள்ளீயத்துக்குள் ஆன்டிமனியும் செம்பும் சேர்ந்த கடினமான துணுக்குகள் பொதிந்திருக்கும். தூசுத்துகள் ஒன்று எண்ணெயோடு வந்தால் மென்மையான பகுதிக்குள் அது புதைந்துகொள்ளும், ஷாஃப்டைக் கீறாது. எண்ணெய் வடிகட்டி இல்லாமலே பல வண்டிகள் விற்கப்பட்ட காலத்துக்கு மிகப் புத்திசாலித்தனமான தேர்வு.

அந்தத் தேர்வு எந்த வேகத்துக்கானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அரை டன் பிக்கப்பின் பின்னச்சுப் பல்சக்கர விகிதம் 4.11. அதன் டயர் ஒரு சுற்றில் சுமார் 2.26 மீட்டர் உருளும். மணிக்கு 70 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2100 சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். 100 கிலோமீட்டரில் 3000 சுற்றைத் தாண்டும். இந்த எஞ்சின் தன் உச்சத் திறனைத் தருவதே 3300 சுற்றில். இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவது, அகப்பையில் மொண்ட எண்ணெயை நம்பி ஓர் எஞ்சினை ஏறக்குறைய அதன் எல்லையிலேயே நிறுத்திவைப்பதற்குச் சமம். அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளுக்கான சட்டம் வந்தது 1956இல்; இந்த வண்டி வரையப்பட்டபோது அந்தச் சாலைகள் இல்லை. 1954இல் இந்த நிறுவனமே ராடுகளுக்கும் அழுத்த உயவு தரும் எஞ்சினைப் பிக்கப்புக்குக் கொடுத்துவிட்டது. எனவே 1949 வண்டியில் 1954இன் எஞ்சினை வைப்பவரையோ, பின்னச்சு விகிதத்தைக் குறைப்பவரையோ அசலைக் கெடுத்தவர் என்று பழிப்பது நியாயமாகாது. அப்படி மாற்ற விரும்பாதவருக்கும் வழி உண்டு. ஊர்ச்சாலையில் 70ஐத் தாண்டாமல் ஓட்டினால் பாபிட் தாங்கிகள் நெடுங்காலம் உழைக்கும்.

எண்ணெயைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஓர் அச்சம் பரவியிருக்கிறது. எஞ்சின் எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மம் 1940களிலிருந்து கலக்கப்படுகிறது. உலோகமும் உலோகமும் அழுந்தி உராயும் இடத்தில் அது சிதைந்து, கண்ணாடி போன்ற மெல்லிய காப்புப் படலமாக மாறும். கேம் ஷாஃப்டின் புடைப்பு தட்டையான டாப்பெட்டின்மேல் வழுக்கிச் செல்லும் பழைய எஞ்சின்களில் அந்த இடம்தான் மிகவும் வதைபடும். பாஸ்பரஸ் புகையோடு வெளியேறிப் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுக்கிறது என்பதால், 2004இல் வந்த தரவரையறை கார் எண்ணெயில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. புது எஞ்சின்களில் டாப்பெட்டுக்கு உருளை இருப்பதால் அவற்றுக்கு இழப்பில்லை. பழைய எஞ்சின்கள் எல்லாம் அழிந்துவிடும் என்று பலர் கூடுதல் சேர்ப்பான்களை வாங்கி ஊற்றத் தொடங்கினார்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். 1947இன் எஞ்சினில் வால்வு ஸ்பிரிங்குகள் மென்மையானவை. அன்று கிடைத்த எண்ணெயிலும் இந்தச் சேர்மம் பின்னாளில் இருந்த அளவுக்கு இருந்ததில்லை. உண்மையில் ஆபத்து, கடினமான ஸ்பிரிங் கொண்ட 1960களின் பெரிய வி-8 எஞ்சின்களுக்கும், புதிதாகக் கேம் ஷாஃப்ட் மாற்றி முதல் அரைமணி நேரம் ஓட்டிப் பழக்கும் எஞ்சின்களுக்கும்தான். அந்த வேளையில் பாஸ்பரஸ் கூடுதலாக உள்ள எண்ணெய் கட்டாயம் வேண்டும். மற்றபடி, அழுக்கைக் கழுவித் தன்னுள் தாங்கிச்செல்லும் இன்றைய எண்ணெய் 1947இன் எண்ணெயைவிட எல்லா வகையிலும் மேல். பொருத்தம் குலைந்தது என்று சொல்லும்போது, மாறியவை எல்லாமே தீங்கு என்று கொள்ளக்கூடாது.

ஈயத்தின் கதையும் அப்படித்தான். எஞ்சினில் ‘தட்டல்’ வராமல் தடுக்கும் பொருளைத் தேடிய தாமஸ் மிட்ஜ்லி 1921இல் டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டறிந்தார். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேடன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. அது எரிந்து உண்டான ஈயச் சேர்மங்கள், யாரும் திட்டமிடாமலே வேறொரு வேலையையும் செய்தன. செந்தணலாகக் காயும் புகைவால்வு தன் சீட்டில் வந்து அறையும்போது இரும்பும் இரும்பும் நுண்ணளவில் பற்றிக்கொள்ளும்; திறக்கும்போது அந்தத் துணுக்கு பிய்ந்துவரும். ஈயப் படிவு இடையில் மெத்தையாக இருந்து அதைத் தடுத்தது. ஈயத்தை நீக்கியபோது வார்ப்பிரும்புச் சீட்டுகள் தேய்ந்து வால்வுகள் உள்ளே புதையும் என்ற கவலை எழுந்தது. அது ஆதாரமுள்ள கவலைதான். ஆனால் அந்தத் தேய்மானம் அதிகச் சுமையிலும் அதிகச் சுழற்சியிலும்தான் வேகமாக நடக்கிறது. மாதத்துக்குச் சில முறை நிதானமாக ஓடும் பிக்கப்பில் அது மிக மெதுவாகவே நடக்கும். எஞ்சினைப் பிரிக்கும் நாள் வரும்போது கடினமான வளையச் சீட்டுகளை அழுத்திப் பொருத்தினால் பிரச்சினை தீர்ந்தது. ‘தட்டல்’ கவலையும் இல்லை, 6.5 அளவிலான அமுக்க விகிதத்துக்கு இன்றைய சாதாரணப் பெட்ரோலே தாராளம். ஈயம் குழந்தைகளின் மூளையைச் சிதைக்கிறது என்று அறிந்தபின் அமெரிக்கா 1996இலும் இந்தியா 2000இலும் இலங்கை 2002இலும் சாலை வாகனப் பெட்ரோலிலிருந்து அதை முற்றாக அகற்றின. 2021இல் அல்ஜீரியாவோடு உலகமெங்கும் அது முடிந்தது. அசல் எரிபொருளே வேண்டும் என்று யாராவது ஏங்கினால், ஒரு வால்வு சீட்டின் விலைக்கு எதைக் கொடுக்கிறோம் என்று அவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எத்தனால் அவ்வளவு எளிதில் விடாது. இன்று அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது முந்தைய காலத்து ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் சவ்வையும் ஊறவைத்து மென்மையாக்கும். காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். கலந்த நீர் ஏறத்தாழ அரை சதவீதத்தைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கியின் அடியில் படியும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். மூடி திருகிய, எப்போதும் ஓடும் புது வாகனத்தில் இது நடக்க வாய்ப்புக் குறைவு. காற்று வந்துபோகும் டாங்கியோடு மாதக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியில் வாய்ப்பு அதிகம். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குத் தேவையான காற்று குறைவு. புது எஞ்சினின் உணரி அதைக் கண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. அது துளையின் அளவுக்குத் தக்கபடி ஊற்றும், அவ்வளவுதான். ஆகவே கலவை மெலிந்து எஞ்சின் சூடேறித் தடுமாறும். எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றுவதும், கார்புரேட்டர் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவதும், நிறுத்திவைக்கும் முன் டாங்கியை நிரப்பிவைப்பதும் இதற்கு மாற்று. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட நிலையில், பழைய ஸ்கூட்டரையும் அம்பாசடரையும் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விக்கும் விடை இதே திசையில்தான் இருக்கிறது. அங்கே அளவு இரட்டிப்பு.

எல்லாப் பழியையும் காலத்தின்மேல் போடவும் கூடாது. ஆறு வோல்ட் மின்னமைப்பு அதற்கு நல்ல சான்று. இந்த வண்டிகள் 1955இன் தொடக்கம்வரை ஆறு வோல்ட்டில் ஓடின. காலையில் செல்ஃப் முக்கி முனகினால், ஆறு வோல்ட் போதாது என்று உடனே பன்னிரண்டுக்கு மாற்றுகிறார்கள். ஒரே திறனுக்கு வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பாகும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது, கேபிளிலும் எர்த்திலும் சேர்த்து 0.005 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும்; ஆறில் ஒரு பங்கு. பன்னிரண்டு வோல்ட்டில் 100 ஆம்பியர்தான், இழப்பு அரை வோல்ட். இருபத்துநான்கில் ஒரு பங்கு. இதை அறிந்தே தொழிற்சாலை விரல் தடிமனுக்குக் கேபிள் கொடுத்திருந்தது. இடையில் யாரோ இன்றைய காருக்கான மெல்லிய கேபிளை வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்ட்டும் இருக்கும். தடித்த கேபிளைப் போட்டு, எர்த் படும் இடத்தைச் சுரண்டினால் அந்த ஆறு வோல்ட்டே சட்டென்று கிளப்பும். இங்கே அசல்தான் சரி. எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கவேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு இரு பக்கமிருந்தும் எதிர்ப்பு வரும். ஒரு பக்கம் அசல்வாதிகள்: இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால் அது வரலாற்றுச் சான்றாக நிற்குமா? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. பிரிக்கப்படாத, பெயின்ட்கூட மாறாத வண்டி ஒன்று கிடைத்தால் அதை அருங்காட்சியகப் பொருளாகவே கருதவேண்டும். எந்த வெல்டிங் எங்கே விழுந்தது, எந்தப் பலகைக்கு எந்த வண்ணம் என்ற தகவல் அதில் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆனால் பிரித்துப் பூட்டிய வண்டியில் அந்தத் தகவல் ஏற்கெனவே போய்விட்டது. அங்கே கழற்றினால் பழையபடி பொருந்தும் மாற்றங்களைச் செய்வதும், கழற்றியதைப் பத்திரப்படுத்துவதும் போதும். மறுபக்கம் இருப்பவர்கள், ஒரு புது வி-8 எஞ்சினை இறக்கிவிட்டால் ஈயம், எண்ணெய், எத்தனால் எல்லாத் தொல்லையும் ஒரே நாளில் தீர்ந்துவிடுமே என்கிறார்கள். தீராது, இடம் மாறும். 90 குதிரைத்திறனுக்கு அளந்த சேஸியும் பின்னச்சும் ஸ்டியரிங்கும் டிரம் பிரேக்கும் அதே வண்டியில்தான் இருக்கின்றன. அந்தச் சேஸி ஏணி வடிவில், ரிவெட் அடித்து, பள்ளமேட்டில் முறுகி நெளியும்படி செய்யப்பட்டது. கேபின் ரப்பர்மேல் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். மூன்று மடங்குத் திறனை அதில் இறக்கினால் மற்ற ஒவ்வொன்றையும் மாற்றவேண்டிவரும். கடைசியில் மிஞ்சுவது பழைய தகடு போர்த்திய புது வண்டி.

பாதுகாப்பைப் பற்றிய எதிர்ப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தக் காலத்து இரும்பு கெட்டி, மோதினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அமெரிக்காவிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிலோமீட்டரில் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் அறை நசுங்கிப்போனது. அதில் இருந்த பொம்மை ஓட்டுநரின் இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. புதியதில் இருந்தவருக்குக் காலில் சிறு காயம் மட்டும். மோதலின் ஆற்றலை முன்பகுதி நொறுங்கி வாங்கிக்கொள்ளவேண்டும் என்ற அறிவு பின்னால் வந்தது. பிக்கப்பில் நிலைமை இன்னும் மோசம். 1949 முதல் செவர்லேயின் பெட்ரோல் டாங்கி கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நீட்டிய முறியாத கம்பி. ஒரே மாஸ்டர் சிலிண்டர் என்பதால் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். பரவலாகப் புழங்கும் தரத்தில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காதது, ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல் அமுங்கிப்போவது இதனால்தான். இரட்டை மாஸ்டர் சிலிண்டர், சீட் பெல்ட், ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ பிரேக் ஆயில் மாற்றம் ஆகிய மூன்றிலும் அசல் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அதன் பிறகும் இந்த வண்டி புது வண்டிக்கு நிகராகாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலைக்குப் போகக்கூடாது.

மாசு பற்றிய எதிர்ப்பும் நேர்மையான விடையைக் கேட்கிறது. இன்றைய புதுக்கார், 1960களின் காரோடு ஒப்பிட்டால், நச்சுப்புகையில் பெரும்பாலானவற்றை 98, 99 சதவீதம் குறைவாக வெளியிடுகிறது. பழைய வண்டியை வைத்திருப்பதே பசுமையான செயல் என்ற வாதம் தினமும் ஓட்டும் வண்டிக்குச் செல்லாது. ஆனால் பொழுதுபோக்கு வண்டி ஆண்டுக்கு 1500 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர் தருகிறது என்று கொண்டால் எரிவது 230 லிட்டர். வெளிவரும் கரியமில வாயு அரை டன்னுக்குச் சற்று மேல். புது வாகனம் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் வெளியாவது பல டன். இந்த அளவில் வைத்துக்கொண்டால் கணக்கு தாங்கும். நின்றபடியே டாங்கியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் ஆவியாகும் பெட்ரோலையும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒழுகாத மூடியும் இறுக்கமான இணைப்புகளும் மாசைக் குறைக்கும் மலிவான வழி.

அப்படியானால் ஓட்டாமலே வைத்திருந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே? இல்லை, அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். வாரத்துக்கொருமுறை கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பது பரவலான பழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது, ஆவியாக. எஞ்சினும் சைலன்சரும் முழுச்சூடு ஏறாத அந்த ஐந்து நிமிடத்தில் அந்த ஆவியில் ஒரு பகுதி சைலன்சருக்குள் குளிர்ந்து தேங்கும். இன்னொரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்க்குள் இறங்கும். புது எஞ்சினில் அதை உறிஞ்சி எரித்துவிட ஒரு வால்வு உண்டு. 1947இன் எஞ்சினில் இருப்பது பக்கவாட்டில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு வெற்றுக்குழாய். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அதன் வாயில் உறிஞ்சலை உண்டாக்கி உள்ளிருக்கும் ஆவியை இழுத்தெடுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டாதவரை அந்த உறிஞ்சல் பெயருக்குத்தான். நிற்கும் வண்டியில் அதுவும் இல்லை. டயரும் இதே விதிக்கு உட்பட்டது. ஓசோன் வெடிப்பைத் தடுக்கும் மெழுகும் மருந்தும் ரப்பருக்குள் கலந்திருக்கின்றன. டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்குத் தொடர்ந்து கசிந்து வருகின்றன. ஆகவே இரண்டு வாரத்துக்கொருமுறை, உப்பில்லாத காய்ந்த சாலையில், ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரமாவது ஓட்டவேண்டும். கொட்டகையிலேயே கிளப்பி அணைத்துவந்த எஞ்சினின் எண்ணெய் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் போல் மஞ்சள் நுரை அப்பியிருக்கும். எண்ணெயும் நீரும் கலந்தது அது. அப்படிச் சில முறை ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பார்த்தால் மூடியின் அடியில் எண்ணெய் மட்டும் மினுங்கும்.